துரை முறிக்கச் சொன்ன நோன்பு

இன்று காலை எங்கள் அடுப்படியில் மீன்சட்டி ஒன்று போய்விட்டது. சுடுசாம்பலில் புளிக்குழம்பு ஊறி எழும்பிய மணம் முற்றம்வரை வந்தது.

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"சட்டி உடைஞ்சு போச்சு" என்றாள் மனைவி.

"உடைஞ்சதோ, உடைச்சதோ?"

"அது தன்ரை பாட்டிலை உடைஞ்சது. உங்கடை இலக்கணத்தைச் சட்டியிட்டையே கேளுங்கோ."

நீங்களே சொல்லுங்கள், எந்த வீட்டிலாவது யாராவது எதையாவது உடைத்ததுண்டா? எல்லாம் தாமாகவே உடைகின்றன. ஆனால் உடைவது, முறிவது என்ற பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குமுன் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு வள்ளமும் கடலும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் அவர் வாயில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாகத்தான் கெடும். நங்கூரக் கயிறு அறும். வலை கிழியும். துடுப்பு முறியும். காய்ந்த ஈர்க்கு ஒடியும். சிப்பி நொறுங்கும். மாரியில் உயிலங்குளத்துப் பக்கம் குளம் உடைப்பெடுக்கும். 'வலை உடைஞ்சது' என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்ல, கரை முழுக்கச் சிரித்தது. மிஷன் பள்ளியில் நாலெழுத்து இங்கிலீசு படித்ததும், பழிவாங்குவதுபோல வந்து சொன்னேன்:

"அப்பா, இங்கிலீசிலை இது எல்லாத்துக்கும் 'பிரேக்' தான்."

"கயித்துக்கும்?"

"ஓம்."

"சட்டிக்கும்?"

"ஓம்."

அப்பா தூரத்தில் போன வெள்ளைக்காரக் கப்பலைப் பார்த்தார். "பாவங்கள்" என்றார். "இவ்வளவு கப்பல் வைச்சிருக்கிறாங்கள், இன்னொரு சொல்லு வாங்க வழியில்லை."

அந்த ஒற்றைச் சொல்தான் பிறகு என் கழுத்தில் விழுந்தது.

எங்கள் பகுதியை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில், அவருடைய அலுவலகத்தில், நான் எடுபிடியாக இருந்த காலம். மொழிபெயர்க்கிற முதலியார் காய்ச்சலில் படுத்ததால், துரை முசலிப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பயணம் நல்லபடி முடிந்தால் அந்த வேலை எனக்கே என்று பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் அப்பாவின் வள்ளம். எனக்கோ அலை என்றாலே ஆகாது. மீன்பிடிகாரன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. அப்பா அதற்குள் கரையெல்லாம் செய்தி பரப்பி, என்னையே 'முதலியார், சாப்பிட வாரும்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

நாங்கள் போய் இறங்கியது அரிப்பு என்ற கரையூருக்கு அப்பால் ஒரு முஸ்லிம் ஊர். அங்கே குளக்கட்டு உடைந்திருந்தது. அது நோன்பு மாதம். ஊர்த் தலைவரான விதானையாரும் ஊரவர்களும் கட்டு எங்கே போனது, எத்தனை வயல் போனது என்று சொல்லச்சொல்ல, பொழுது பனைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. துரை நல்ல மனிதர். எல்லாரையும் பார்த்து, நீங்கள் நோன்பை 'பிரேக்' பண்ணுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று இங்கிலீசில் சொன்னார்.

நான் யோசித்தேன். உடைப்பது சட்டிக்கு. அறுப்பது கயிற்றுக்கு. நோன்போ விடியற்காலை தொடங்கிப் பின்னேரம்வரை நீளமாக இருக்கிறது, துடுப்பைப்போல. ஆகவே முறி. எங்கள் கத்தோலிக்க வீட்டில் இதற்கெல்லாம் சொல்லே தேவைப்பட்டதில்லை. ஒருசந்தி விரத நாளில் பசித்தால் சாப்பிடுவோம், பிறகு கோயிலில் சுவாமியாரிடம் போய்ப் பாவமென்று சொல்லுவோம். நெஞ்சை நிமிர்த்தி உரத்துச் சொன்னேன்:

"துரை உங்களை நோன்பை முறிக்கச் சொல்லுறார். முறிக்குமட்டும் இதிலையே நிப்பாராம்."

விதானையார் மெல்ல எழும்பினார்.

"குளத்தைக் கட்டித் தாங்கோ எண்டு கேட்டம். நோன்பை முறி எண்டு சொல்லுறீங்களே தம்பி."

என்ன சொல்லுகிறார் என்று துரை கேட்டார். முறிக்கமாட்டார்களாம் என்றேன். துரைக்கு ஆச்சரியம். ஏன், நாள்தோறும் முறிக்கிறவர்கள்தானே என்றார். அதையும் ஓர் எழுத்துக் குறையாமல் தமிழாக்கினேன்:

"நீங்கள் ஒவ்வொரு நாளும் முறிக்கிறனீங்கள் எண்டு துரைக்குத் தெரியுமாம்."

கூட்டம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு மெலிந்த மனிதர் கைகட்டி எழும்பினார்.

"ஒரு நாள்தான் துரை. காய்ச்சல். ஒரு மிடறு தண்ணி."

"காய்ச்சலெண்டால் குற்றமில்லை, நீ இரு" என்று விதானையார் அவரை அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை ஆர் துரைக்குச் சொன்னது?"

எனக்கு வள்ளமும் அலையும் கண்ணுக்குள் வந்தன. அந்த நேரம் துரை பொறுமை இழந்து, தொப்பியைக் கழற்றி எனக்குப் பிடிக்கத் தந்துவிட்டு நடுவில் வந்தார். சூரியனைக் காட்டினார். கையை நிலம்வரை இறக்கினார். பிறகு ஐந்து விரலையும் வாய்க்குக் கொண்டுபோய், கன்னத்தை உப்பி மென்று காட்டினார்.

"அட, திறக்கிறதையோ சொல்லுறார்!" என்றார் விதானையார்.

அவர்களுக்குப் பொழுதுபட்டால் நோன்பு திறப்பது; பொழுதுபடமுன் களவாகத் தின்பதுதான் முறிப்பது. சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். என் கையிலும் ஒரு கோப்பை கஞ்சி வந்தது.

"இந்தாரும், முறிப்பு முதலியார்" என்றார் விதானையார். "ஆறமுன்னம் முறியும்."

திரும்பும் வழியில் துரை விளக்கம் கேட்டார். சொன்னேன். குதிரை மிரளுமட்டும் சிரித்தார். மொழிபெயர்ப்பு வேலை வேறொருவனுக்குப் போனது. என்னை உப்புக் கந்தோருக்கு மாற்றினார். உப்பு எதற்கும் கோபிக்காது என்றாராம். "கடலுக்குப் போகமாட்டன் எண்டவன் கடலை அள்ளிக் கணக்கெழுதப் போறான்" என்று அப்பா அதையும் கரையெல்லாம் சொன்னார்.

துரை சீமைக்குப் போய்விட்டார். குதிரையும் இல்லை, அந்தப் பாதையில் இப்போது மோட்டார் ஓடுகிறது. ஒவ்வொரு நோன்பு மாதமும் விதானையார் ஆளனுப்புவார்: 'முறிப்பு முதலியாரை முறிக்க வரட்டாம்.' அவர் கண்மூடி மௌத்தாகி ஒரு மாரி கழிந்துவிட்டது. போன கிழமை அவருடைய மகன் வந்திருந்தான். நன்றாகப் படித்த பிள்ளை.

"ஐயா, வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில நோன்பு திறக்க வாங்கோ" என்றான்.

'முறிப்பு முதலியார்' என்று ஒரு சொல்லாவது சொல்லுவான் என்று வாசல்வரை கூடப் போனேன். அவன் மரியாதையாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.