கொலையே நடக்காத கொலைக்கதை

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். நடுவில் கொஞ்சம் இழுத்துவிடுவேன், கண்டுக்காதீர்கள். நாள் முழுக்கப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற கைக்கு நூலை இழுக்காமல் இருக்க வராது.

எங்கள் தையல் கடையில் துணி வெட்டுகிறவர் கத்தரி அண்ணன். கடையின் பின்கட்டிலேயே குடித்தனம். கொலைக்கதை கிடைத்தால் சோறு வேண்டாம் அவருக்கு. அதுவும் ஒரே எழுத்தாளர்தான். அந்த மனுஷன் எழுதிக் கொன்றவர்களை வரிசையாக நிற்க வைத்தால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும். மூன்று வருஷமாக அவர் எழுதவே இல்லை. அண்ணன் பாதியாக இளைத்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு மகள் பிறந்தாள். முப்பது மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுகிறவருக்கு மூன்று கிலோ பிள்ளையைத் தூக்கக் கை உதறியது. அண்ணி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பிள்ளைய ஒரு தடவையாவது குளிப்பாட்டுங்க. இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம். நீங்க உங்க பொணங்களோட குடித்தனம் பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை எழுத்தாளரின் புதுப் புத்தகம் வந்தது. அட்டையில் 'பிள்ளை வளர்ப்பு: முதல் நூறு நாள்'.

"ஏமாத்துறாருடா காஜா," என்றார் அண்ணன். "உள்ள கண்டிப்பா கொல இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுப் படித்தார். 'தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கவும்.'

"கைரேகை விழக்கூடாதுன்னுதாண்டா முழங்கை!"

'பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டவும்.'

"பால்ல என்னமோ கலந்திருக்கு. பாத்தியா, வெளிய எடுக்கப் பாக்குறான்!"

அண்ணனுக்கு ஒரு பழக்கம். கதையில் நடப்பதை வீட்டில் செய்து பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பார். போன நாவலுக்கு ஒரு நாள் முழுக்க அலமாரிக்குள் நின்றார். இப்போதும் விடவில்லை. துப்புத் துலக்குகிற மும்முரத்தில் பிள்ளையின் கழுத்தைத் தாங்கினார், குளிப்பாட்டினார், தோளில் போட்டுத் தட்டினார். கை உதறவேண்டும் என்பதே மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கம். 'என் வீட்டிலும் ஒரு பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு காகிதத்தில்கூட ஒருவரைக் கொல்ல மனம் வரவில்லை.'

அண்ணன் அழுத அழுகையில் வெட்டி வைத்திருந்த பேண்ட் துணி ரெண்டு நனைந்து சுருங்கிவிட்டது. தோளில் மகள் தூங்கினாள். "நாப்பது புக்கு படிச்சேன், மனுஷன இன்னைக்குத்தாண்டா பாத்தேன்," என்றார். அண்ணி சத்தம் போடாமல் பெட்டியைப் பிரித்தாள்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினேன். அளவு கொடுக்க வந்து கேட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் விடவில்லை.

"அதெல்லாம் சரிப்பா, கொலகாரன் யாரு?"

"கொலையே இல்லைங்கறேன்."

"நூறு நாள் பெத்தவங்களத் தூங்க விடாம சாகடிக்குதுல்ல? அப்ப பிள்ளைதான் கொலகாரி," என்றாள் ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா.

"பச்சப் பிள்ளைய அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படிம்மா வாய் வருது?" டிரைவர் எகிறினார்.

"நாலு பெத்தவ சொல்றேன், நீ என்னத்தக் கண்ட?"

உள்ளேயிருந்து அண்ணன் வந்தார், தோளில் மகளோடு.

"யாருடா அது, என் பொண்ண கொலகாரின்னது?"