மலையிறங்க வாங்கிய பிரேம்

மாத்தளை டவுனில் இருக்கும் என் சைக்கிள் கடைக்கு அவள் ஒருமுறைதான் வந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். கட்டையான உருவம், உதட்டுக்குக் கீழே நாடியில் தையல் போட்ட தழும்பு. யோசிக்கும்போதெல்லாம் பிரேக் பிடிப்பதுபோல விரல்களை மடக்கினாள். மலையிறக்க சைக்கிள் போட்டிக்கு ஒரு பிரேம் வேண்டும் என்றாள்.

இரண்டு பிரேம்களை எடுத்து வைத்தேன். ஒன்று பாரமில்லாதது. மற்றது நீளமும் பாரமும் கூடியது. கல்லிலும் குழியிலும் ஆடாமல் நிற்கும்.

"பாரமில்லாதத எடுங்க புள்ள. மத்தத மேல தள்ளிட்டுப் போகவே ஒங்களுக்கு ஏலாது," என்றேன்.

"நான் ஏறுறதுக்கா வாங்குறேன், நானா? எறங்கத்தானே வாங்குறேன்," என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்லிப் பாரமானதைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டு மலையடிவாரத்தில் போய் நின்றேன். ஒருவர்பின் ஒருவராக வந்த பையன்கள் எல்லோரும் கடைசிப் பாறை வளைவில் வேகத்தைக் குறைத்தார்கள். அவள் குறைக்கவே இல்லை. அன்று எல்லோரையும்விடச் சீக்கிரம் இறங்கியவள் அவள்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது, என்னை அறியாமலே கத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்றவர் திரும்பி, "ஒங்கட மகளா?" என்று கேட்டார்.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.