நேரம் தவறிய சங்கு

இரும்புக் கம்பி மில்லின் சங்கு ஊதினால் முதலில் அதிர்வது எங்கள் அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சங்குதான் கடிகாரம். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்டு மாறும் வேளைகளில் மட்டும் ஊதும். நேரம் தவறி ஊதி நான் கேட்டதே இல்லை.

மில்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த காலம் அது. யாருக்கு எப்போது வேலை போகும் என்று தெரியாத அந்த நாட்களில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் பேச்சு ஒன்றேதான்: ஆண்டவரின் வருகை நெருங்கிவிட்டது, எக்காளம் எந்த நேரமும் தொனிக்கலாம், தம்மவரை அவர் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், யார்மீதும் மனக்கசப்பு இல்லாமல் ஆயத்தமாக இருங்கள், இல்லாவிட்டால் "கைவிடப்படுவீர்கள்". நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஷிப்டுக்குக் கிளம்புமுன் வாசலில் நின்று, பாயில் கிடக்கும் எங்களைப் பார்த்துத் தினமும் கேட்பார்.

"மனசுல யாரு மேலனா வருத்தம் கீதா புள்ளைங்களா?"

"இல்ல நைனா" என்று சொன்னால்தான் சைக்கிளை எடுப்பார். அன்றும் சொன்னேன். பொய். என் புது ரிப்பனைத் தங்கைக்குக் கட்டிவிட்ட அம்மா மீது எனக்குக் கொள்ளைக் கோபம்.

மதியச் சாப்பாட்டுக்காகப் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. விட்டு விட்டு, ஓயாமல் ஊதியது. வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. அம்மாவின் செருப்பு வாசலில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வருகை வந்துவிட்டது; செருப்பைக்கூட மாட்டாமல் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்; ஒரு ரிப்பனுக்காக நான் மட்டும் கைவிடப்பட்டேன். வருடா வருடம் தீ மிதிக்கும் எதிர்வீட்டு அக்காவையே கூட்டிக்கொண்டு போன ஆண்டவர் என்னை விட்டுவிட்டாரே என்று அழுகையோடு ஆத்திரமும் வந்தது.

தெருமுனை டீக்கடைக்காரர்தான் என்னைப் பார்த்து, எல்லாரும் மில் கேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள், உள்ளே விபத்து என்று சொன்னார். அப்போது வந்த பயம் வேறு வகை.

கேட்டில் நைனா முழுசாக நின்றுகொண்டிருந்தார். பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் விலகிப் பாய்ந்து, பக்கத்தில் நின்றிருந்த, அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஏகாம்பரம் மாமாவைச் சுட்டுவிட்டிருந்தது. நான் நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு ரிப்பன் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் காதில் அது விழவே இல்லை.

ஏகாம்பரம் மாமாவுக்கு வார லீவு ஞாயிறு, நைனாவுக்குப் புதன். நைனா சபைக்குப் போகவேண்டும் என்று வருடக்கணக்காகத் தன் ஞாயிறைக் கொடுத்துப் புதனை வாங்கிக்கொண்டவர் அவர். பதிலுக்கு அவர் கேட்டது ஒரே ஒரு ஆடி ஞாயிறு, ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற. அன்று உபவாச ஜெபம், விட முடியாது என்று நைனா மறுத்துவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், கண் திறக்காமலே மாமா போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த நைனா, அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஊட்ல தெனம் கேட்டுக்கினு இருந்தேன். அவங்கிட்ட ஒரு நாளுகூட கேக்கல."

பல வாரம் வாசலில் எங்களிடம் எதுவும் கேட்காமல் கிளம்பினார். பிறகு ஒரு விடியலில் மறுபடி கேட்டார், கேள்வி திரும்பியிருந்தது: "எம் மேல யாருக்குனா வருத்தம் கீதா?" ரிப்பனை நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

மாமாவின் மகனுக்கு மில்லில் அதே வேலை கொடுத்தார்கள்; ஞாயிறு லீவை அவனும் நைனாவுக்கே விட்டுக்கொடுத்தான். ஒவ்வொரு வருடமும் அந்த ஆடி ஞாயிறன்று அவனுக்குப் பதிலாக நைனா ஷிப்டுக்குப் போனார். உபவாச நாளில் ஆளைக் காணோமே என்று சபையில் முணுமுணுத்தார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இப்போது சங்கு இல்லை. முகத்தைக் காட்டினால் எந்திரம் வருகையைப் பதிந்துகொள்கிறது. லைன் வீடுகள் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. செருப்பு வாசலில் கிடந்தால் பயப்படுகிற பிள்ளைகளும் இல்லை. ஓய்வுபெற்ற நைனா வேப்பம்பட்டில் என்னோடு இருக்கிறார். ஆடியில் அந்த ஞாயிறு வந்தால் விடியலிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, போனோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். ஊரிலிருந்து மாமாவின் மகன் கூப்பிடுவான். ஸ்பீக்கரில் மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்கும்.

"கூழ் ஊத்தியாச்சு நைனா."

"எம் மேல வருத்தம் எதனா கீதாப்பா?"

"இன்னா நைனா, வருசா வருசம் இதே கேக்கற. இல்ல நைனா."

அதற்குப் பிறகுதான் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு சபைக்குக் கிளம்புகிறார்.