ஐந்தாம் நாளே கேட்ட மாத்திரை

1. நல்ல செய்தி

"சிஸ்டர், மாத்திரை கேட்டிருச்சு! அவிய எந்திரிச்சுட்டாவ!"

ரகமத்து போனில் அழுதுகொண்டே சிரித்தார். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. மாத்திரை தொடங்கி அன்று ஐந்தாம் நாள்தான்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மனநல கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நோயாளிகளுக்கு நானும் என் போனும்தான். ரகமத்தின் கணவர் சிக்கந்தர் ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே யூனிட் போட்டு நைட்டி தைத்து மொத்தமாக அனுப்புகிறவர். மூன்று மாதமாக யூனிட் பக்கமே போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மகள் சாயிதாவுக்குப் பெருநாள் கழித்துக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அதைச் சொன்னால்கூட மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாராம். டிப்ரஷன் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நோன்பு தொடங்குகிற சமயம் என்பதால், காலை மாத்திரையை விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

டிப்ரஷன் மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. முதல் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் கொஞ்சம் தேறலாம். மனசு தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. "பத்து நாளாச்சு, ஒண்ணும் கேக்கலையே" என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. ஐந்தாம் நாளே கேட்டுவிட்டது என்று ஒருவர் நன்றி சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

சீக்கிரம் தேறுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் போனில் முடிவு கட்டக் கூடாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

2. எல்லோரும் விழித்திருக்கும் வீடு

"ராத்திரி தூங்குதாங்களா?" என்று கேட்டேன். என் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"நோன்பு மாசம்லா சிஸ்டர், யாரு தூங்குதா? தராவீஹ் தொழுதுட்டு வந்து பேசிக்கிட்டு இருப்போம். பொறவு செத்த நேரத்துல சஹருக்கு எந்திரிக்கணும். வீடே முழிச்சுத்தான் கெடக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் கையில் இருந்த ஒரே அளவுகோல் அந்த மாதம் செல்லாது என்று ஆகிவிட்டது. வேறு வழி தெரியாமல் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மத்தியானம். தெருவே கதவைச் சாத்திப் படுத்திருந்தது. சிக்கந்தரின் வீட்டுக் கூடத்தில் அவருடைய அண்ணன் காதர் மைதீன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யூனிட்டுக்குள் தையல் பெண்கள் மிஷின் மேல் தலை சாய்த்திருந்தார்கள். சிக்கந்தர் மட்டும் கட்டிங் மேசையில் நின்று துணியை வெட்டிக்கொண்டிருந்தார். முகம் பளபள என்று இருந்தது.

"வாங்க சிஸ்டர், ஒக்காருங்க, இல்ல ஒக்காராதீங்க, இதப் பாருங்க! நைட்டியில பை. ரெண்டு பக்கமும் பை. ஒண்ணுல செல்லு, ஒண்ணுல சாவி. நாட்டுல எம்புட்டு பொம்பளைக இருக்காவ! அம்புட்டு பேர் கையிலயும் செல்லு இருக்கு, வைக்க எடம் இருக்கா? துபாய்க்குப் பேசிட்டேன், மலேசியாவுக்குப் பேசணும், பெரிய எடமாப் பாக்கணும், முடங்கியாறு ரோட்டுல..."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். பை வைத்த நைட்டியை நானே வாங்கியிருப்பேன். ஆனால் அவர் மூச்சு விடவில்லை. ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி விழுந்தது. நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"பாய், செத்த நிறுத்துங்க. கடைசியா எப்பத் தூங்குனீங்க?"

"குறுக்க பேசாதீங்கன்னு சொல்லுதேன்லா!"

கத்தரிக்கோலை மேசையில் அறைந்தார். தலை சாய்த்திருந்த பெண்கள் அலறி எழுந்தார்கள். அந்த மனிதர் கொசுவைக்கூட அதட்டாதவர் என்று கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது ரகமத்து சொல்லியிருந்தார். மறு நிமிஷமே அவர் சிரித்தார். "தூக்கமா? அது எதுக்கு சிஸ்டர்? ஒடம்பு காத்தா இருக்கு."

ரகமத்தை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "மத்தியானம் நீங்க எல்லாரும் படுக்கீங்க. அவங்க படுக்காங்களா?"

ரகமத்து யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "இல்ல சிஸ்டர். நாங்க படுக்கும்போதும் மிஷின் ஓடும், எந்திரிக்கும்போதும் ஓடும். மூணு மாசமாப் படுத்த மனுசன், வேலை மேல ஆசை வந்துருச்சுன்னு நெனச்சேனே."

அந்த வீட்டில் எல்லோரும் இரவில் விழித்தார்கள், பகலில் அசந்து தூங்கினார்கள். அவர் இரண்டு நேரமும் விழித்திருந்தார், களைப்பும் இல்லை. தேறி வருகிற ஆள் வேலை செய்தால் அலுத்துப்போய் உட்காருவார். குறுக்கே பேசினால் கேட்பார். மனசு அளவுமீறிப் பொங்கும் மேனியாவில் இருக்கிற ஆளுக்கு அலுப்பும் தெரியாது, அடுத்தவர் பேச்சும் பொறுக்காது. வாசலுக்கு வந்து டாக்டருக்கு போன் போட்டேன்.

"ஸ்விட்ச் மாதிரி இருக்கு. அடுத்த டோஸ் கொடுக்க வேண்டாம். சாயங்காலம் கிளினிக்ல இருப்பேன், இன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். சிலருக்கு டிப்ரஷன் மாதிரி தெரிவது உண்மையில் பைபோலார் நோயின் ஒரு பாதி. அவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனசு நடுவில் நிற்காமல் மறு கோடிக்குப் போய்விடும். அதைத்தான் ஸ்விட்ச் என்போம்.

3. அண்ணன்

சத்தத்தில் காதர் மைதீன் எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் என் மேல் பாய்ந்தார்.

"பொணமாக் கெடந்தவன் எந்திரிச்சு வேலை பாக்கான். அது ஒங்களுக்குப் பொறுக்கலையா? பள்ளிவாசல்ல அத்தன பேரும் அல்ஹம்துலில்லாஹ்ங்கான், நீங்க மாத்திரைய நிப்பாட்டச் சொல்லுதிய!"

எனக்கும் கோபம் வரும். "ராவுத்தரே, உங்க தம்பி தேறுனா முதல்ல இனிப்பு வாங்கிக் கொடுக்கப்போறது நான். இது தேறுனது இல்ல. இப்படியே விட்டா கல்யாணத்தன்னைக்கு அவரு மதுரையில ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடப்பாரு."

"அப்படி ஆனா நான் வலியா உக்காந்து புள்ளையக் கட்டிக்கொடுத்துட்டுப் போறேன்."

வலி என்றால் பெண்ணுக்காக நிக்காஹில் உட்கார்ந்து சம்மதம் சொல்கிறவர். அது தகப்பனின் இடம். தகப்பன் புத்தி தெளிவோடு இல்லையென்றால் அடுத்த ஆள் உட்கார வேண்டும். அவர் சொன்னது கதவோரம் நின்ற சாயிதாவின் காதில் விழுந்துவிட்டது.

"பெரியத்தா, அத்தா உக்காரலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். அழவில்லை. "சிஸ்டர் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. நம்ம குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சா?"

நான் இன்னும் கேட்காத கேள்வி அது! ஆனால் கேட்க இருந்த கேள்வி. காதர் மைதீன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க சின்னத்தா, அத்தாவோட தம்பி, இருந்தாவ. ஒரு நோன்பு முழுக்கத் தூங்காமத் தொழுதாவ. அல்லாவுக்கு நெருக்கமான வலியுல்லா ஆயிட்டாவன்னு ஊரே கையப் புடிச்சு முத்தம் கொடுத்துச்சு. பெருநாளைக்கு மறுநா எங்கயோ நடந்து போனவியதான். வரவே இல்ல." தம்பி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதே முகம்தான் சிஸ்டர். இதே பளபளப்பு."

அதற்குப் பிறகு அவரே காரை எடுத்தார். சிக்கந்தரை எப்படிக் கிளப்புவது என்று எல்லோரும் விழித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. "பாய், நீங்க தூங்காதது எனக்குப் பயமா இருக்கு, டாக்டர் பாக்கணும்" என்றேன். "அப்பச் சரி, டாக்டர் வீட்டுக்கு எத்தன நைட்டி வேணும்னும் கேட்டுருவோம்" என்று நான்கு நைட்டிகளை அள்ளிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை வாய் மூடவில்லை.

4. உப்பு இல்லை

டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்தி, மனசை நடுவில் நிறுத்தும் மூட் ஸ்டெபிலைசரும் தூக்கத்துக்கு ஒன்றும் எழுதினார். வேளை தவறாமல் மாத்திரை, போதுமான தண்ணீர், ரத்தப் பரிசோதனை. அதனால் நோன்பு கூடாது என்றார். அதற்கு சிக்கந்தர் அழுத அழுகை இருக்கிறதே! கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து, "நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு. ஒடம்பு சரியான பொறவு என்ன செய்யணும்னு நான் சொல்லுதேன்" என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்.

தூக்கம் திரும்பியது. பளபளப்பு போனது. பிறகு ஒரு மந்தமான காலம் வந்தது. ரெவ்யூவுக்கு வந்தவர் என் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்தச் சந்தோசத்தத் திருப்பிக் கொடுங்க சிஸ்டர். அஞ்சாறு நாளு நான் ராசாவா இருந்தேன்."

இத்தனை வருஷ சர்வீஸில் அதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அது திரும்ப வராது பாய். வரவும் விடமாட்டேன். வேற ஒண்ணு வரும், மெதுவா வரும். அது போகாது" என்றேன். அவர் நம்பவில்லை.

கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னார் டாக்டர். மாப்பிள்ளை வீட்டுக்கு காதர் மைதீனே போய், ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். அவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். ஒருநாள் ரகமத்திடமிருந்து போன்.

"அவியளோட ஒரே சண்டை சிஸ்டர். கொழம்புல உப்பு இல்லைங்காவ. ரெண்டு வாய் வச்சுட்டுத் தட்டத் தள்ளுதாவ."

கிளினிக் என்றும் பாராமல் நான் கைதட்டிவிட்டேன். பல மாதமாக வாயில் போட்டது மண்ணா சோறா என்று தெரியாத மனிதருக்கு உப்பு தெரிகிறது! "ராத்திரி?" என்றேன். "இஷா தொழுதா படுத்துருதாவ" என்றார். "நல்லாச் சண்டை போடு தாயி" என்று போனை வைத்தேன்.

5. வலி

நிக்காஹ் அன்று மண்டபத்தில் பெண்கள் பக்கம் ரகமத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கம் நடப்பது எங்களுக்கு ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஹஜ்ரத் வலியைக் கூப்பிட்டார். சிக்கந்தரின் குரல் வந்தது. அவசரமில்லாத குரல். "என் மகள் சாயிதாவை" என்று தொடங்கி, நின்றுபோனது.

ரகமத்து என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிடும் போல இருந்தது. நானும் மூச்சு விடவில்லை. ஸ்பீக்கரில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அதே குரல், அதே நிதானத்தில், விட்ட இடத்திலிருந்து தொடங்கி முழுதாகச் சொல்லி முடித்தது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். முக்காட்டுக்குள் சாயிதாவின் தோள் குலுங்கியது. கடைசி துஆ ஓதி முடிந்து, மைக்கை அணைப்பதற்குள் சிக்கந்தர் யாரோடோ சத்தமாகச் சிரிக்கும் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

ரகமத்து வெளிறிப்போனார். "சிஸ்டர், சிரிப்பு கூடுதலா இருக்கோ?"

"நேத்து தூங்குனாங்களா?"

"கல்யாண வீட்டுல எங்க யாருக்கும் பொட்டுத் தூக்கமில்ல சிஸ்டர். அவிய மட்டும் மாத்திரையப் போட்டுட்டு, அம்புட்டு சத்தத்துலயும் கொறட்ட விட்டுத் தூங்கி எந்திரிச்சு வந்துருக்காவ."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சீக்கிரம் வந்த சிரிப்பைச் சந்தேகப்படுவது நம் வேலையில் பாதி. பாடுபட்டு வந்த சிரிப்பை நம்பத் தெரிந்தால்தான் வேலை முழுசாகும். பல குடும்பங்கள் முதலாவதைக் கற்றுக்கொண்டு, இரண்டாவது தெரியாமல், ஒருவரை ஆயுசுக்கும் சிரிக்க விடாமல் காவல் காக்கின்றன.

"மகளக் கட்டிக்கொடுத்த தகப்பன் சிரிக்காம வேற யாரு சிரிப்பா?" என்றேன். "சிரிக்கட்டும் விடு. நீயும் சிரி."

ரகமத்து சிரித்தார், 'மாத்திரை கேட்டிருச்சு' என்ற அந்த போனுக்குப் பிறகு முதல் தடவையாக.