பரணிலிருந்து வந்த நெய்ச்சோற்று மணம்

அந்த வருட நோன்பில், பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து நெய்ச்சோற்று மணம் வர ஆரம்பித்தது. ரம்பை இலை போட்டு தம் பிரித்தால் வருமே, அதே மணம். அதுவும் பட்டப்பகலில், வீடே பசித்துக் கிடக்கும் நேரத்தில்.

பரணை ஒட்டிய அறையில் தூங்கியவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மாமா, உம்மாவின் ஒரே தம்பி. மாமி தலைப்பிரசவத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளையில் தாய்வீட்டில் இருந்தார். தம்பி பொட்டலம் வாங்கி வந்து ஒளித்துத் தின்கிறான் என்று உம்மா முடிவுகட்டிவிட்டார். கேட்க மனம் வராமல், பேசுவதையே நிறுத்தினார். நோன்புக் கஞ்சியைக்கூட என் கையில்தான் கொடுத்தனுப்பினார். மாமாவும் அதை வாங்கிக்கொண்டு அறைக்கே போய்விடுவார்.

எனக்கோ மாமா என்றால் உயிர். அவர் கள்ள நோன்பு பிடிப்பதாவது! அவர் தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பரணில் ஏறினேன். பழைய சேலை மூட்டைக்குள் ஒரு மரநாய், மடியில் குட்டிகளோடு என்னை முறைத்தது. பெயர்தான் நாய், பூனை கறுப்பு முகமூடி மாட்டிக்கொண்டது போலிருந்தது. மணம் அதனுடையது. அது வாலடியில் சுரப்பது என்று பின்னால் படித்தேன். அந்த வாலடிச் சங்கதியை மட்டும் உம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் நெய்ச்சோற்றையே விட்டுவிடுவார்.

நான் போட்ட கூச்சலில் உம்மா தேங்காய் மட்டையும் நெருப்புமாகப் புகை போட வந்துவிட்டார். அதற்குள் திரும்பியிருந்த மாமா ஏணியை மறித்து நின்றார். மரநாய் இருப்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

“குட்டி இன்னும் கண்ணே தொறக்கல லாத்தா. இப்ப புகை போட்டா தாய் உட்டுட்டு ஓடிடும். நான் தின்னதாவே இருந்துட்டுப் போவட்டும்.”

உம்மா மட்டையைக் கீழே போட்டுவிட்டு, தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அழுதார்.

பிரசவத்துக்கு முன்பே விடுப்பு முடிந்து மாமா விமானம் ஏறிவிட்டார். கிள்ளையில் பெண் குழந்தை பிறந்தது. மாமா போன் செய்தால் என்னிடம் கேட்பது மரநாய்க்குட்டிகளைப் பற்றித்தான்: கண் திறந்ததா, ஓட்டில் நடக்கிறதா, சப்போட்டா தின்கிறதா. ஒருநாள் உம்மா போனைப் பிடுங்கி, “பெத்த புள்ளையப் பத்திக் கேளுடா” என்றார். மாமா என்ன சொன்னாரோ, “சரிடா, இனி கேக்கல” என்று உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பாவைவிட மரநாய் உசத்தியா என்று எனக்கு ஆத்திரம். அடுத்த முறை போன் வந்தபோது மாமாவிடம் பேச மாட்டேன் என்றுவிட்டேன். உம்மாதான் பேசினார். சின்னக் குட்டி தாயின் வாலைக் கடித்து விளையாடுகிறது, நீ வருவதற்குள் பெரிதாகிவிடும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். குட்டிகள் பரணைவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தன. நோன்பென்றால் அவ்வளவு கறார் பார்க்கும் உம்மா இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நான் வாய்பிளந்து நின்றேன்.