ராத்தாவும் செத்துப்போன கடல்மீனும்

இண்டைக்கு கல்முனையில ஒரு மீன்தொட்டிக் கடைக்குப் போனேன். கடல்மீன் தொட்டியில கடைக்காரர் நல்ல தண்ணி ஊத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, கடல்தண்ணிதானே ஊத்தணும்?”

“இல்ல காக்கா. வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு அப்பிடியே கிடக்கும். அதுக்கு மேல கடல்தண்ணி ஊத்தினா உப்புக் கூடி மீன் செத்துரும்.”



எண்பதுகளில சாய்ந்தமருது வீட்டில நானும் தொட்டி வெச்சிருந்தேன். தண்ணி குறையக் குறைய, கடற்கரைக்கு ஓடி வாளியில அள்ளிவந்து ஊத்தினேன். ஒரு மாசத்தில எல்லா மீனும் செத்துப்போச்சு. கூடப்பிறந்த மூத்தவ ராத்தா கொசுவுக்குக் கொளுத்தின நுளம்புத்திரிப் புகையாலதான் எண்டு அவவோட கத்தினேன்.

இப்பவும் எங்க வீட்டுக்கு வந்தா, திரி கொளுத்த முதல் ராத்தா கேப்பா: “மீன் ஒண்டும் வளக்கல்லயே தம்பி?”

நாளைக்கு வாறா. நுளம்புத்திரி வாங்கி வெச்சிட்டேன். மாப்பு எப்பிடிக் கேக்குறதெண்டுதான் தெரியல்ல. தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.