காய்ந்த படகுக்கு ஒரு மின்விசிறி

படகின் வயிற்றுக்குள் விட்டு எடுத்த விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் அக்கா. சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல நிற்கிறார்கள். "உப்பு. கீழேருந்துதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் துப்புகிறார். உப்பில்லாவிட்டால் மழைத்தண்ணீர், மேலிருந்து இறங்கியது. உப்பென்றால் அடியில் எங்கோ வாய் திறந்திருக்கிறது. இதற்குக் கருவிகள் வந்துவிட்டன என்று யாரோ சொன்னபோது, "அதுக்கு பேட்டரி போடணும். எனக்கு டீ போதும்" என்றார்.

படகுக் கொட்டகையில் எல்லாருக்கும் அவர் 'ஃபைபர் அக்கா'. அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். சொந்தப் பெயர் மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது. வேலை தொடங்குமுன் முகப்பவுடரை முழங்கை வரை அப்பிக்கொள்வார். ஃபைபர் என்கிற கண்ணாடி இழை தோலில் ஏறாமல் இருக்க. மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் ரப்பர் வளையம். அப்படியும் ஏறிவிடும். மாலையில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, ஒட்டுநாடாவைக் கையில் ஒட்டி ஒட்டிப் பிடுங்கிக்கொண்டிருப்பார். "பியூட்டி பார்லருக்கெல்லாம் போறதில்ல. இங்கயே ஆயிடுது."

என் அறையின் பின்சன்னல் அந்தக் கொட்டகைக்கு மேல் திறக்கிறது. ஏழெட்டுத் துறைமுகங்களில் படகேறி இறங்கியிருக்கிறேன். ஒரு படகின் உள்ளே தலையை விட்டுப் பார்த்தது இங்கேதான். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சிரித்தார். "ஏய் ஊர்சுத்தி, உலகத்துல வேற ஆளே கெடைக்கலையா? உள்ள தண்ணி இருந்துச்சு, அக்கா எடுத்துச்சு, மூடுச்சுன்னு எழுது. முடிஞ்சுது கதை."

எடுப்பதுதான் பாடு. ஃபைபர் படகுக்கு நாம் நிற்கும் தளம் ஒன்று, கடலைத் தொடும் அடித்தோல் ஒன்று. நடுவே இருட்டு. அந்த இருட்டுக்குள் புகுந்த தண்ணீர் தானாக வெளியேறாது. "பெரிய வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. வந்தா கெளம்பாது." தளத்தில் சதுரமாக ஒரு துண்டை அறுத்தெடுத்து, பழைய மெத்தைப் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து, வாளி வாளியாக வெளியே ஊற்றுவார். அதோடு விட மாட்டார். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், மறுபடி கழுவுவார். "உப்பு ஒரு பொட்டு இருந்தாலும் ஈரத்த வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அதுமேல ரெசின் பசை பூசினா, பவுடர் போட்ட மூஞ்சில பொட்டு வச்ச மாதிரி, நிக்காது." கழுவி முடித்ததும் ஒரு மேசை விசிறியை ஓட்டைக்கு நேராகப் படுக்கவைத்து ஓடவிடுவார். பக்கத்தில் கம்பிக்கூண்டு போட்ட ஒரு பல்பு. காய்ந்த பிறகுதான் ஒட்டு.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் படகைத் தட்டிக்கொண்டே நடப்பது இன்னொரு பழக்கம். டொக்கென்றால் நலம், டப்பென்றால் ஈரம். அவர் தட்டிச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. படகுக்காரர்கள் கடலைக் குறை சொன்னால் பிடிக்காது. "கடல் மேல பழி போடாத. அதுக்கு வேற வேலை இருக்கு."

போன மழைக்கு முன்பு அவருடைய தம்பியின் படகுக்குத் தளம் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே படகு கனத்துத் தாழ்ந்து வந்தது. அக்கா தட்டினார், நக்கினார், அடியில் ஒரு கீறலைப் பார்த்தார். "பாறைல இடிச்சிருக்கு" என்றார். படகை ஓட்டிக்கொண்டிருந்தவர் 'நெட்டை' என்கிற உயரமான மனிதர். "அக்கா, சத்தியமா இடிக்கல" என்றார் அவர். "நீ பொய் சொல்லுவ. படகு சொல்லாது" என்றார் அக்கா. கொட்டகையே சிரித்தது. தம்பி அன்றைக்கே நெட்டையிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பாறையில் ஏற்றியவன் என்ற பேச்சு பரவியதில் வேறு படகுக்காரர்களும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது எதிரே இருக்கும் ஐஸ் கிடங்கில் பாளம் சுமக்கிறார். கொட்டகையைக் கடக்கும்போது, தோளில் பாளத்தோடு, "சாப்டாச்சாக்கா?" என்று கேட்பதை விடவில்லை.

கீறலை அப்போதே ஒட்டி மூடியாயிற்று. ஆனாலும் அந்தப் படகுக்குள் மறுபடி உப்புத்தண்ணீர். இப்போது ஓட்டுவது தம்பியேதான். அக்கா இந்த முறை வேறு இடத்தில் தளத்தை அறுத்தார். கழுவினார், காயவைத்தார். பல்பை உள்ளே இறக்கிப் பார்த்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் பல்பை என்னிடம் நீட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். என்ன என்று கேட்டேன். நானே குனிந்து பார்த்தேன்.

தளத்தைத் தாங்கும் கட்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு திருகாணி இறங்கியிருந்தது. மற்றவையெல்லாம் கட்டைக்குள்ளேயே நிற்க, அது ஒன்று மட்டும் நீளம். முனை அடித்தோலைக் கடித்திருந்தது. அலை அடிக்க அடிக்க அங்கிருந்து மயிரிழையாக ஒரு வெடிப்பு. சுற்றிலும் துருக்கறை.

"தளம் மாத்துன அன்னைக்கு ஒரு ஸ்க்ரூ கொறஞ்சுது" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "டப்பால கெடந்தத போட்டேன். கடைக்கு யாரு போறதுன்னு."

அந்த ஓட்டையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அவர் சத்தம் குறைந்துபோனது. தம்பி வந்து, "முடிஞ்சுதாக்கா?" என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் காயணும்" என்பார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு, "என்ன பிரசவமா, வாசல்ல நின்னு கேக்குற?" என்று பாயக்கூடியவர். படகு கருவாடாகக் காய்ந்திருந்தது. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே பாளம் இழுக்கும் சத்தம் கேட்டால், இல்லாத பொருளைத் தேடுவதுபோலப் படகுக்கு அந்தப்பக்கம் போய்க் குனிந்துகொள்வார். "சாப்டாச்சாக்கா?" அங்கிருந்தே "ம்" என்பார். எனக்கே சன்னலை மூடிவிடலாம்போல இருந்தது.

ஒரு காலை அவரே விசிறியை நிறுத்தினார். தம்பியைக் கூப்பிட்டுத் துணியை எடுத்துக் காட்டினார். தம்பி பார்த்தார், பிறகு யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

"சரி விடுக்கா. புடுங்கிட்டு ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"நெட்டையக் கூப்பிடு."

"அவன் எதுக்கு இப்ப? வேணும்னா சும்மாவே திரும்ப வேலைக்கு வரச் சொல்றேன். வந்துடுவான். உன் பேரு ஏன் கெடணும்?"

"அவன் பேரு கெட்டப்ப எல்லாரும் நின்னு சிரிச்சாங்கல்ல? அவங்களையும் கூப்பிடு."

தம்பி நகரவில்லை. அக்காவே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். நெட்டை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்ன வேடிக்கை என்று பெயிண்ட் அடிப்பவர்களும் வலை தைப்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"நீ இடிக்கல" என்றார் அக்கா. "இது நான் போட்ட ஸ்க்ரூ. உள்ள பாரு."

நெட்டை தயங்கினார். "எதுக்குக்கா அதெல்லாம்…"

"பாருன்னு சொன்னேன்ல."

அவர் நீளமாக மடிந்து, தளத்தில் முட்டிபோட்டு, ஓட்டைக்குள் தலையை விட்டார். உள்ளே இருட்டு. அக்கா பல்பை எடுத்து அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வெளிச்சம் அந்த முனையில் விழும்படி பிடித்தார். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கம்பிக்கூண்டு சூடேறிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன்க்கா" என்றார் நெட்டை உள்ளிருந்து. "போதும், எறக்குங்க."

அக்கா கையை இறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களில் அடுத்தவரைப் பார்த்து, குனியச் சொல்லித் தலையசைத்தார்.